ஈரக் காற்றில் இருவர் ஓட்டம்

நெடுந்தூரப் பயிற்சி ஓட்டம் வேறு, போட்டி ஓட்டம் வேறு. மரதனுக்கோ அரை மரதனுக்கோ தயாராகிறவர்கள் வாரத்தில் ஒரு நாள், பெரும்பாலும் ஞாயிற்றுக்கிழமை, ஒன்றரை மணி முதல் மூன்று மணி நேரம் வரை வேகத்தைக் கட்டி வைத்துக்கொண்டு மெதுவாக ஓடுவதே பயிற்சி ஓட்டம். இதில் யாரும் யாரையும் முந்துவதில்லை. அதனால்தான் இது துணையோடு ஓடுவதற்கு ஏற்றதாகவும் இருக்கிறது.

சப்ரகமுவ மாகாணத்தின் இரத்தினபுரி, கேகாலை மாவட்டங்களில் உள்ள தேயிலை, ரப்பர் தோட்டங்களில் இந்த ஓட்டத்துக்கு வாய்க்கும் நேரம் ஒன்றுதான்: விடியலை ஒட்டிய இரண்டு மணித்தியாலம். ஒன்பது மணிக்குமேல் வெயில் ஏறிவிடும். தோட்டத்து ரோட்டில் லொறியும் டிரக்டரும் முச்சக்கர வண்டியும் ஓடத் தொடங்கிவிடும். பிற்பகலில், குறிப்பாக ஏப்ரலிலும் ஒக்டோபர், நவம்பர் மாதங்களிலும், இடிமின்னலோடு மழை இறங்கும். சூரியன் உதிக்கும் நேரம் இங்கே ஆண்டு முழுவதும் அதிகம் மாறுவதில்லை. மே மாதக் கடைசியில் 5.50ஐ ஒட்டியும் ஜனவரி, பெப்ரவரியில் 6.25ஐ ஒட்டியும் உதிக்கும். அதற்கு இருபது நிமிடம் முன்பே பாதை தெரியும் அளவுக்கு வெளிச்சம் வந்துவிடும். தோட்ட வேலைக்கான காலைப் பிரட்டுக்குப் போகிறவர்களும் ரப்பர் பால் வெட்டப் போகிறவர்களும் வீட்டை விட்டு இறங்கும் நேரமும் அதுதான்.

ஆண்டுக் கணக்கும் ஓட்டக்காரர்களுக்குச் சாதகமாகவே அமைந்திருக்கிறது. சித்திரைப் புத்தாண்டு விளையாட்டு விழாக்களில் ஊர் மரதன் காலையிலேயே நடந்துவிடும். 42.195 கிலோமீற்றர் எந்த ஊரிலும் ஓடப்படுவதில்லை. ஆனாலும் பெயர் மரதன்தான். அதற்கான பயிற்சி நடக்கும் ஜனவரி, பெப்ரவரி மாதங்களில்தான் இந்தப் பக்கம் மழை ஆகக் குறைவு, காலையும் ஆகக் குளிர்ச்சி. மற்ற மாதங்களில் மழை விட்ட இடைவெளி பார்த்துத்தான் ஓட வேண்டும். இரத்தினபுரியின் ஆண்டு மழைவீழ்ச்சி 3,500 மில்லிமீற்றரைத் தாண்டுகிறது.

மெதுவாக ஓடி வேகம் எப்படி வரும் என்பது புதிதாக ஓடத் தொடங்கிய எல்லோரும் கேட்கும் கேள்வி. விடை தசையின் கலங்களுக்குள் இருக்கிறது. ஒட்சிசனைக் கொண்டு கொழுப்பையும் மாச்சத்தையும் எரித்துச் சக்தி தருபவை இழைமணிகள். அமெரிக்காவின் சென் லூயிஸ் நகரில் ஜோன் ஹொலோசி 1967இல் வெளியிட்ட ஆய்வில், பல வாரங்கள் ஓட்டப்பட்ட எலிகளின் தசையில் இழைமணி நொதியங்களின் செயற்பாடு ஏறத்தாழ இரு மடங்காகியிருந்தது. மனிதத் தசையிலும் இதே போக்கு பின்னர் உறுதியானது. அதோடு தசை நார்களைச் சுற்றி நுண்குழாய்கள் பெருகுகின்றன. இதயம் ஒவ்வொரு துடிப்புக்கும் தள்ளும் இரத்தத்தின் அளவு கூடுகிறது. இரத்தத் திரவவிழையமோ சில நாள் பயிற்சியிலேயே அதிகரித்துவிடும். இந்த மாற்றங்களை வரவழைக்க மூச்சு முட்டும் வேகம் வேண்டியதில்லை. நேரம்தான் வேண்டும். மெல்ல ஓடினால்தான் அத்தனை நேரம் ஓடவும் முடியும்.

நேரம் நீள்வதில் இன்னொரு பலனும் உண்டு. மெதுவான ஓட்டத்தில் முதலில் வேலை செய்பவை சோர்வு குறைந்த மெதுநார்கள். ஒரு மணி நேரம் கடந்து அவற்றின் கிளைக்கோசன் கரையத் தொடங்கியதும், அதுவரை சும்மா இருந்த விரைவுநார்கள் வேலைக்கு அழைக்கப்படுகின்றன. வேகம் கூடாமலே வேக நார்களுக்கும் பயிற்சி கிடைக்கிறது. நியூசிலாந்துப் பயிற்றுநர் ஆதர் லிடியார்ட் 1950களில் இதை அனுபவத்தில் கண்டிருந்தார். ஒக்லாந்துக்கு மேற்கே உள்ள மலைகளைச் சுற்றும் 35 கிலோமீற்றர் பாதையில் ஞாயிறுதோறும் தன் ஓட்டக்காரர்களைக் கூட்டமாக ஓடவிட்டார். மரதன் ஓட்டக்காரர்களோடு 800 மீற்றர் ஓடுகிற பீட்டர் ஸ்னெலும் அதே பாதையில் ஓடினார். 1960 ரோம் ஒலிம்பிக்கில் ஸ்னெல் 800 மீற்றரிலும் மரே ஹல்பர்க் 5,000 மீற்றரிலும் ஒரே நாளில் தங்கம் வென்றார்கள். பரி மகீ மரதனில் வெண்கலம் பெற்றார். ஓடும்போது பேச முடிய வேண்டும் என்பது லிடியார்ட் வைத்திருந்த விதி.

இனி, அதிகாலையில் எழுந்த உடம்பின் நிலை. உடலின் உள் வெப்பநிலை ஒரு நாளில் அரைப் பாகை முதல் ஒரு பாகை செல்சியஸ் வரை ஏறி இறங்கும். பின்னேரம் உச்சம், விடிவதற்கு முன் நாலு, ஐந்து மணிக்கு அடிமட்டம். எழுந்து அரை மணி நேரம் வரை மூளையின் தூக்கக் கலக்கமும் முழுதாக நீங்காது. இரவில் படுத்திருக்கும்போது முதுகெலும்பின் இடைவட்டுகள் நீரை உறிஞ்சிப் புடைத்திருக்கும். காலையில் மனிதர் ஒரு சென்டிமீற்றர் அளவு உயரமாக இருப்பது அதனால்தான். புடைத்த இடைவட்டு வளைவுக்கு எளிதில் இடம் தராது. ஆகவே எழுந்த உடனே குனிந்து காலைத் தொடும் பயிற்சிகளைச் செய்வது நல்லதல்ல. பத்து நிமிட நடை, பிறகு நடைக்கும் ஓட்டத்துக்கும் இடைப்பட்ட ஒரு தளர்வான ஓட்டம். மெதுவான பயிற்சி ஓட்டத்துக்கு வேறு ஆயத்தம் தேவையில்லை.

சப்ரகமுவவின் காலையைப் பற்றி ஒரு தவறான கணிப்பு பரவலாக இருக்கிறது. கைபேசியில் வானிலையைப் பார்த்தால் காலை ஐந்தரைக்கு சாரீரப்பதன் 95 வீதம், பிற்பகல் இரண்டுக்கு 65 வீதம் என்று காட்டும். காற்றில் இவ்வளவு ஈரம் இருக்கும்போது வியர்வை எப்படிக் காயும், பிற்பகல்தானே மேல் என்று தோன்றும். கணக்குப் போட்டால் நேர்மாறாக வருகிறது.

ஓடுகிற உடம்பு வெப்பம் பெருக்கும் உடம்பு. சமதரையில் ஓடும்போது உடல் எடையின் ஒவ்வொரு கிலோவுக்கும் கிலோமீற்றருக்கு ஏறத்தாழ ஒரு கிலோகலோரி செலவாகும். 60 கிலோ எடையுள்ளவர் மணிக்கு 10 கிலோமீற்றர் ஓடினால் மணிக்கு 600 கிலோகலோரி. அதில் நாலில் மூன்று பங்குக்கு மேல் வெப்பமாகவே வெளிப்படும். அந்த வெப்பத்தை வெளியேற்ற வழியே இல்லாவிட்டால் உள் வெப்பநிலை ஏழு நிமிடத்துக்கு ஒரு பாகை வீதம் ஏறும்; அரை மணி நேரத்தில் உயிருக்கே ஆபத்து. வெளியேற இரண்டு முக்கிய வழிகள் உள்ளன. தோல் காற்றைவிடச் சூடாக இருந்தால் வெப்பம் நேராகக் காற்றுக்குப் போகும். மற்றது வியர்வை. ஒரு லீற்றர் வியர்வை முழுவதும் தோலிலேயே ஆவியானால் ஏறத்தாழ 580 கிலோகலோரியைக் கொண்டுபோகும். சொட்டிக் கீழே விழுந்த வியர்வை எதையும் கொண்டுபோகாது.

வியர்வை ஆவியாவதைத் தீர்மானிப்பது சாரீரப்பதன் என்ற வீதம் அல்ல, தோலை ஒட்டிய ஆவியமுக்கத்துக்கும் காற்றின் ஆவியமுக்கத்துக்கும் உள்ள வித்தியாசம். 34 பாகையில் நனைந்திருக்கும் தோலில் ஆவியமுக்கம் 53 மில்லிபார். காலை 23 பாகைக் காற்று முழுதாக நிரம்பினாலும் 28 மில்லிபாரைத் தாண்டாது. 95 வீதத்தில் 27. வித்தியாசம் 26. பிற்பகல் 32 பாகைக் காற்று 65 வீதத்திலேயே 31 மில்லிபார் ஆவியைச் சுமந்து நிற்கிறது. வித்தியாசம் 22. நனைந்து கிடப்பது போலத் தெரிகிற காலைக் காற்றுக்குத்தான் வியர்வையை வாங்கிக்கொள்ளும் திறன் கூடுதல். வியர்வை இல்லாமல் நேராக வெப்பம் இழப்பதிலும் அதே கதை: காலையில் தோலுக்கும் காற்றுக்கும் 11 பாகை வித்தியாசம், பிற்பகலில் இரண்டே பாகை. பிற்பகலில் வெயில் உடம்பில் ஏற்றுகிற வெப்பம் தனி.

காலைக் காற்று உண்மையிலேயே ஈரம் நிரம்பியதுதான் என்பதற்குச் சாட்சி பாதையோரத்து ரப்பர் மரம். பால் வெட்டுகிறவர்கள் இருட்டோடு மலைக்குப் போவது பழக்கத்தால் மட்டும் வந்ததல்ல. பட்டைக்குள் உள்ள பால்குழாய்களில் வீக்க அமுக்கம் விடியலுக்கு முன்புதான் ஆக அதிகம். பத்து வளிமண்டல அமுக்கத்தை ஒட்டி இருக்கும். இரவெல்லாம் வேர் நீரை இழுத்துக்கொண்டே இருக்கிறது, இலையோ நீரை இழக்கவில்லை. இலை காற்றின் அதே 23 பாகையில் இருப்பதால் இலைக்குள் ஆவியமுக்கம் 28, வெளியே 27. நீர் வெளியேற இடமே இல்லை. கத்தி பட்டையைக் கீறியதும் பால் விரைவாக வழிந்து, வெட்டுக்கோட்டின் வழியே தகரப் பீலிக்கு வந்து சிரட்டையில் சொட்டும். வெயில் ஏற ஏற இலை நீரை இழக்கும், அமுக்கம் குறையும், பால் சுருங்கும். இலையில் இருந்து நீரை வாங்க மறுக்கிற அதே காற்று, மனிதத் தோலில் இருந்து வாங்கிக்கொள்கிறது. மனிதத் தோல் காற்றைவிட 11 பாகை சூடாக இருப்பதுதான் இதற்குக் காரணம். ஒரே காற்று மரத்துக்கும் ஓட்டக்காரருக்கும் ஒரே நேரத்தில் நல்ல வேளையாக அமைவது இப்படித்தான்.

இதனால் காலையில் எவ்வளவு வேகமாகவும் ஓடலாம் என்று ஆகிவிடாது. மரதன் சாதனைகள் பிறக்கும் 10 பாகைக் குளிரில் காற்றின் ஆவியமுக்கம் 12 மில்லிபாரைக்கூடத் தாண்டாது. அந்தக் கணக்கோடு பார்த்தால் சப்ரகமுவவின் காலை, நமக்குக் கிடைக்கிற நேரங்களில் நல்லது, அவ்வளவே. தோட்டத்திலேயே பிறந்து வளர்ந்தவர்களின் உடம்பு ஈர வெப்பத்துக்குப் பழகியிருக்கும். வியர்வை சீக்கிரம் தொடங்கும், அதில் உப்பும் குறைவாக இருக்கும். குளிர்நாட்டில் இருந்து விடுமுறைக்கு வந்த உறவினர் ஒருவருக்கு இந்தப் பழக்கம் வர பத்து நாள் முதல் இரண்டு வாரம் பிடிக்கும். அதுவரை அவரை நீண்ட ஓட்டத்துக்கு இழுத்துப் போகக் கூடாது.

வேகத்தைக் கட்டுப்படுத்துவதுதான் இந்த ஓட்டத்தின் கடினமான பகுதி. கைக்கடிகாரங்களும் நெஞ்சுப் பட்டிகளும் இதயத் துடிப்பை எண்ணிச் சொல்கின்றன. ஆனால் பக்கத்தில் ஓடுகிற நண்பரைப் போன்ற கருவி வேறில்லை. பேச்சு வெளிமூச்சில் நடக்கிற வேலை. ஒரு முழு வாக்கியத்தைச் சொல்லி முடிக்க உள்மூச்சைச் சற்றுத் தள்ளிப்போட வேண்டும். ஓட்டத்தின் கடுமை ஓர் எல்லையைத் தாண்டியதும் இரத்தத்தில் லக்டேற்று கூடுகிறது, அதை ஈடுசெய்யும்போது கரியமிலவாயு மிகுகிறது, அதை வெளியேற்ற மூச்சு தேவைக்கு மேல் வேகமெடுக்கிறது. அந்த இடத்தில் பேச்சு உடைந்து இரண்டு மூன்று சொல் துண்டுகளாகிவிடும். ஆய்வுக்கூடத்தில் முகமூடி மாட்டி அளக்கப்படும் இந்த மூச்சு எல்லையும், வசதியாகப் பேச முடியாமல் போகிற வேகமும் பெரும்பாலும் ஒத்துப்போகின்றன.

"என்ன மச்சான், பேச்சையே காணோம்?"

"மூச்சு வாங்குதுடா. கொஞ்சம் மெதுவா போ."

உடற்றொழிலியல் கணக்கில் இந்த இரண்டு வரி ஓர் அளவீடு. தனியாக ஓடுகிறவருக்கு இது கிடைக்காது. தனியாக ஓடும்போது முதல் ஐந்து கிலோமீற்றரில் உடம்பு லேசாக இருப்பதை நம்பி வேகமெடுத்து, பதினைந்தாவது கிலோமீற்றரில் நடக்கத் தொடங்குவது வழக்கமான பிழை.

துணை இருந்தால் உழைப்பு மாறும் என்பது உளவியலின் பழைய கண்டுபிடிப்புகளில் ஒன்று. அமெரிக்காவின் இந்தியானாவில் நோர்மன் டிரிப்ளெட் சைக்கிள் பந்தயப் பதிவுகளை ஆராய்ந்து, தனியாக ஓட்டியவர்களைவிடப் பிறரோடு சேர்ந்து ஓட்டியவர்கள் வேகமாகப் போவதை 1898இல் எழுதினார். 1920களில் ஜெர்மானியரான ஒட்டோ கோலர் பெர்லின் படகு வலிப்பவர்களைக் கொண்டு செய்த சோதனைகளில், இருவர் சேர்ந்து பாரம் தூக்கும்போது பலம் குறைந்தவர் தனியாகத் தூக்கியதைவிட அதிக நேரம் தாக்குப் பிடித்தார். இருவருக்கும் இடையே வித்தியாசம் நடுத்தரமாக இருந்தபோதுதான் இந்த விளைவு கூடுதலாக இருந்தது. சரிசமமானவர்களிடமும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள இடைவெளியிலும் அது குறைந்தது. ஒக்ஸ்போர்டில் 2010இல் வெளிவந்த ஓர் ஆய்வு வலியை அளந்தது. படகு வலிப்பவர்கள் ஒரே உழைப்பை ஒருமுறை தனியாகவும் ஒருமுறை ஒன்றாகவும் செய்தார்கள். ஒன்றாகச் செய்த பிறகு அவர்களின் வலி தாங்கும் எல்லை தெளிவாக உயர்ந்திருந்தது. மூளை தானே சுரக்கும் எண்டோர்பின்களே காரணம் என்று ஆய்வாளர்கள் கருதினார்கள். சோதிக்கப்பட்டவர்கள் பன்னிரண்டு பேர்தான் என்பதையும் சொல்லியாக வேண்டும்.

துணையால் கிடைப்பதாகச் சொல்லப்படும் இன்னொரு நன்மை காற்றை மறைப்பது. எவரெஸ்ட் ஏறிய 1953 குழுவின் உடற்றொழிலியலாளர் கிரிஃபித் பியூ 1971இல் அளந்தபோது, நொடிக்கு 6 மீற்றர் வேகத்தில் ஒருவருக்கு ஒரு மீற்றர் பின்னால் ஓடுகிறவரின் ஒட்சிசன் தேவை 6.5 வீதம் குறைந்தது. எலியுட் கிப்சோகே 2019 ஒக்டோபர் 12 அன்று வியன்னாவில் 1 மணி 59 நிமிடம் 40 நொடியில் மரதன் தூரத்தை ஓடியபோது முறை வைத்து ஓடிய 41 பேர் அவருக்குக் காற்றை மறைத்தது இதற்காகத்தான். தோட்டத்து ரோட்டில் நொடிக்கு மூன்று மீற்றருக்கும் குறைவாக ஓடுகிற இருவருக்கு இதில் ஏதுமில்லை. பக்கத்தில் பக்கமாக ஓடிப் பேசிக்கொள்வதே லாபம்.

இருவரின் தகுதி ஒத்துப்போகாதபோது துணையே பாரமாகும். வேகமானவருக்குச் சுகமான ஓட்டம் மற்றவருக்குப் போட்டி ஓட்டமாகிவிடும். நட்புக்காக வாய் திறக்காமல் ஓடுகிறவர் வாரக்கணக்கில் சோர்ந்து, கடைசியில் முழங்காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவார். வேகத்தை எப்போதும் பின்தங்குகிறவரிடம் விடுவது நல்ல ஏற்பாடு. மற்றவருக்கு உழைப்பு போதவில்லை என்றால் அவர் ஏற்றங்களில் முன்னே போய்த் திரும்பி வந்து சேர்ந்துகொள்ளலாம்.

சப்ரகமுவவில் ஏற்றமில்லாத பாதை அரிது. இத்தாலிய ஆய்வாளர் ஆல்பர்ட்டோ மினெட்டியின் குழு 2002இல் மலை ஓட்டக்காரர்களை வெவ்வேறு சரிவுகளில் ஓடவிட்டு அளந்தது. அந்தக் கணக்கின்படி 10 வீத ஏற்றத்தில் ஒரு மீற்றர் ஓடச் சமதரையைவிட மூன்றில் இரண்டு பங்கு கூடுதலாகச் செலவாகும். அதே சரிவில் இறங்கினால் நாற்பது வீதம் மிச்சமாகும். ஏறி இறங்கினால் சரிக்குச் சரியாகிவிடும் என்பது ஆகவே உண்மையல்ல. பத்து வீதத்துக்கு மேல் நட்டம் நிற்கும். சரிவு 20 வீதமானால் ஏற்றத்தின் செலவு சமதரையைப் போல் இரண்டரை மடங்கு. வளைந்து வளைந்து ஏறுகிற தோட்டத்து ரோட்டை விட்டு, கொழுந்து எடுக்கிறவர்கள் போகும் குறுக்குப் பாதையில் ஓடினால் தூரம் குறையும், ஆனால் ஒவ்வொரு மீற்றருக்கும் ஆகும் செலவு கூடும். செங்குத்தான குறுக்குகளில் நடப்பதுதான் கெட்டிக்காரத்தனம். மலை ஓட்டப் பந்தயக்காரர்களும் அங்கே நடக்கத்தான் செய்கிறார்கள். இத்தகைய பாதையில் கிலோமீற்றருக்கு எத்தனை நிமிடம் என்று பார்ப்பதில் பொருளில்லை. மூச்சைத்தான் பார்க்க வேண்டும்.

இறக்கம் செலவில் குறைந்தாலும் தசைக்கு அதுதான் அடி. இறங்கும்போது முன்தொடைத் தசை நீண்டுகொண்டே பாரத்தைத் தாங்குகிறது. அதனால் நார்களில் நுண்ணிய கிழிசல்கள் விழும். வலி உடனே தெரியாது. ஒன்று முதல் மூன்று நாளில் உச்சத்துக்கு வரும். பலாபத்தல வழியாகச் சிவனொளிபாதமலைக்குப் போய் வந்தவர்கள் மறுநாள் படி இறங்கப் படும் பாடு இதே காரணத்தால் வருவதுதான். நல்லவேளையாகத் தசைக்கு நினைவுண்டு. ஒருமுறை அளவான இறக்கத்தில் வலி கண்ட தசை அடுத்த சில வாரங்களுக்கு அதே இறக்கத்தில் மிகக் குறைவாகவே பாதிக்கப்படும். போட்டிக்கு மூன்று நான்கு வாரம் முன்பு ஒரு நீண்ட இறக்கத்தை ஓடி வைப்பது இதனால் பயன் தரும். போட்டி வாரத்தில் அதைச் செய்வது மடமை.

சாப்பாட்டுக் கணக்கு எளிது. இரவு முழுவதும் மூளைக்குக் குளுக்கோசு கொடுத்து ஈரலின் கிளைக்கோசன் காலையில் வெகுவாகக் குறைந்திருக்கும். தசையில் உள்ள 300 முதல் 500 கிராம் அப்படியே இருக்கும். தசை தன் இருப்பை இரத்தத்துக்குத் திருப்பிக் கொடுப்பதில்லை. ஆகவே ஒரு மணி நேர ஓட்டத்தை வெறும் வயிற்றோடு ஓடலாம். ஒன்றரை மணியைத் தாண்டினால் மணிக்கு 30 கிராம் மாச்சத்தாவது உள்ளே போக வேண்டும். பெரிய வாழைப்பழம் ஒன்றில் 25 கிராம் அளவு இருக்கிறது. ஒரு துண்டு கித்துள் கருப்பட்டியும் அதே வேலையைச் செய்யும். கடையில் விற்கும் விலை கூடிய ஜெல் பொட்டலங்களில் இருப்பதும் சர்க்கரைதான்.

புறப்படும் முன் குடிக்கிற பிளேன்டீயில் 30 முதல் 50 மில்லிகிராம் கஃபீன் இருக்கும். ஓட்டத்திறனைக் கூட்டுவதாக ஆய்வுகளில் காணப்பட்ட அளவு உடல் எடையின் கிலோவுக்கு 3 மில்லிகிராமும் அதற்கு மேலும். 60 கிலோவுக்கு 180. ஒரு கோப்பைத் தேநீர் தூக்கத்தைக் கலைக்கும், அதற்குமேல் எதிர்பார்க்கக் கூடாது. தேநீரைப் பற்றி இதைவிட முக்கியமான செய்தி இரும்புச்சத்து. தேநீரின் தனின்கள் தாவர உணவில் உள்ள இரும்பைக் கட்டிப்போட்டு உடம்பில் சேரவிடாமல் தடுக்கின்றன. இரும்பு குறைந்தால் ஒட்சிசனைச் சுமக்கும் ஈமோகுளோபின் குறையும். எவ்வளவு ஓடினாலும் முன்னேற்றம் வராது. தோட்டப் பெண்களிடையே இரத்தச்சோகை நெடுங்காலமாக உள்ள பிரச்சினை. ஓடுகிற பெண்ணுக்கு அது இரட்டைச் சுமை. தேநீரைச் சாப்பாட்டோடு குடிக்காமல் ஒரு மணி நேரம் தள்ளிக் குடிப்பது செலவில்லாத மருத்துவம்.

தண்ணீர் தாகத்துக்கு ஏற்பக் குடித்தால் போதும். எவ்வளவு வியர்க்கிறது என்று அறிய விரும்புகிறவர் ஓடும் முன்னும் பின்னும் எடை பார்க்கலாம். குறைந்த ஒவ்வொரு கிலோவும் ஒரு லீற்றர். எடை கூடியிருந்தால் அளவுக்கு மீறிக் குடித்துவிட்டார் என்று பொருள். இரத்தத்தில் உப்பின் செறிவைக் குறைக்கும் அந்த நிலையும் ஆபத்தானதே.

பாதையின் அபாயங்களில் இருட்டு முதலாவது. ரப்பர் சருகுக்குள்ளும் தேயிலைச் செடியடியிலும் மூக்கு மேல்நோக்கி வளைந்த சிறிய குழிவிரியன் கிடக்கும். இலங்கையில் ஆகக் கூடுதலானவர்களைக் கடிக்கும் விஷப்பாம்பு அதுதான். விடியும்வரை கையில் டோர்ச்சும் ரோட்டின் நடுப்பகுதியும் வேண்டும். அட்டை கடித்தால் இரத்தம் சற்று நேரம் நிற்காமல் வழியும். அதைவிடப் பெரிய தீங்கில்லை. தொடர் மழை நாட்களில் மண்மேடுகளுக்குக் கீழே ஓடக் கூடாது. கேகாலை மாவட்டத்தில் அரநாயக்க மண்சரிவு நிகழ்ந்த 2016 மே மாதத்துக்குப் பிறகு இதை யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவகத்தின் எச்சரிக்கை உள்ள நாளில் ஓட்டத்தை விட்டுவிடுவதே முறை.

வெப்பத்தாக்கம் அரிது, ஆனால் ஆளைக் கொல்லக்கூடியது. உள் வெப்பநிலை 40 பாகையைத் தாண்டும்போது முதலில் குழம்புவது மூளை. ஆகவே பாதிக்கப்பட்டவருக்குத் தன் நிலை தெரியாது. கேட்டதற்குப் பொருந்தாத பதில், தள்ளாடும் நடை, காரணமில்லாத கோபம் ஆகியவற்றைக் காணக்கூடியவர் பக்கத்தில் ஓடுகிறவர் மட்டுமே. வாகனத்துக்காகக் காத்திருக்காமல் அந்த இடத்திலேயே பீலித் தண்ணீரிலோ ஓடையிலோ கழுத்துவரை நனைத்துக் குளிரவைக்க வேண்டும். தலை நீருக்கு மேலேயே இருக்க வேண்டும். வைத்தியசாலை அதற்கு அடுத்தது.

கடைசியாக எலிக்காய்ச்சல். இரத்தினபுரியும் கேகாலையும் அது அதிகம் காணப்படும் மாவட்டங்கள். எலியின் சிறுநீர் கலந்த சேற்றிலும் வயல்நீரிலும் உள்ள கிருமி, காலில் உள்ள சிறு கீறல் வழியாக உடம்புக்குள் போய்விடும். வெறுங்காலோடும் கொப்புளம் உடைந்த காலோடும் சேற்றில் ஓடுவதைத் தவிர்க்க வேண்டும். ஓடி முடித்ததும் காலைச் சவர்க்காரம் போட்டுக் கழுவ வேண்டும். சேற்றில் ஓடிய பிறகு ஒன்று இரண்டு வாரத்தில் காய்ச்சலோடு கெண்டைக்கால் தசை வலியும் கண் சிவப்பும் வந்தால், அது ஓடிய களைப்பு என்று இருந்துவிடாமல் வைத்தியரிடம் போய், சேற்றில் ஓடியதை அவரிடம் கட்டாயம் சொல்ல வேண்டும்.